உறவுக்காரர் வீட்டு விளையாட்டுகளின் வரவு செலவு



மே மாதம் பிறந்துவிட்டால் நம் வளாகத்து லிஃப்டில் புது முகங்கள் தென்படும். காவலாளியின் வருகைப் பதிவேட்டில் "உறவினர்" என்ற சொல் பக்கத்துக்குப் பத்து முறையாவது இருக்கும். வந்தவர்கள் பெரும்பாலும் இரண்டு இரவு தங்குகிறார்கள். ஒரு நாள் கடற்கரை, ஒரு நாள் மால், மிச்ச நேரத்தில் ஆளுக்கொரு கைப்பேசி. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. லீவு கிடைப்பது அவ்வளவுதான். ஆனால் ஐம்பது வருடத்துக்கு முன்னால் உறவுக்காரர் வீட்டுக்குப் போவது என்றால் முழுசாக ஒரு மாதம். டி.வி. கிடையாது, மின்விசிறி இருந்தாலும் மின்சாரம் இருக்காது. ஆறு வயதுப் பிள்ளையிலிருந்து எழுபது வயதுக் கிழவி வரை பன்னிரண்டு பேர் ஒரே கூடத்தில் மதியப் பொழுதைக் கழித்தாக வேண்டும். எப்படிக் கழித்தார்கள்? தரையில் சாக்பீஸால் நாலு கோடு போட்டுக் கழித்தார்கள்.

அந்தக் கோடுகள் எங்கிருந்து வந்தன, எங்கே போயின என்பதைத்தான் இந்த இதழுக்கு எழுத எடுத்துக்கொண்டேன். நான் பி.காம். படித்து வங்கியில் கிளார்க்காக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எதைப் பார்த்தாலும் வரவு எந்தப் பக்கம், பற்று எந்தப் பக்கம் என்றுதான் கண் போகும். இந்த விளையாட்டுகளையும் அப்படியே பார்த்திருக்கிறேன். நம் வளாகத்தில் இருக்கும் சரித்திர ஆசிரியர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் வயதைச் சொல்லிவிடுகிறேன். கீழடி அகழாய்வில் பானை ஓடு, மணிகளோடு பகடைக்காயும் ஆட்டக்காய்களும் கிடைத்திருக்கின்றன. வைகைக் கரையில் குடியிருந்தவர்களும் வேலை முடிந்து உட்கார்ந்து உருட்டியிருக்கிறார்கள். திருக்குறளில் 94ஆவது அதிகாரம் முழுக்க முழுக்கச் சூதைப் பற்றியது. அதில் சூதாடும் இடத்துக்கு வள்ளுவர் வைத்திருக்கும் பெயர் "கழகம்". பிற்காலத்தில் பள்ளிக்கூடத்துக்கும் பல்கலைக்கும் கட்சிக்கும் வந்து சேர்ந்த சொல் அது. இதற்கு மேல் நான் பேசவில்லை, நம் சங்கத்தில் எல்லாக் கட்சிக்காரர்களும் இருக்கிறார்கள்.

பாரதக் கதையும் வள்ளுவரும் இப்படிச் சொல்லி வைத்ததால் பகடை என்றாலே பெரியவர்களுக்கு ஒரு பயம் உண்டு. பிள்ளைகள் காசு வைத்து ஆடினால் முதுகில் அடி விழும். அதே வீட்டில், அதே பெரியவர்கள், வருடத்தில் ஒரு ராத்திரி தாங்களே பிள்ளைகளை எழுப்பி உட்கார வைத்துப் பகடை போடச் சொல்வார்கள். அது வைகுண்ட ஏகாதசி. கண் விழிக்க வேண்டும், ஆகவே பரமபதம் ஆடலாம்.

பரமபத சோபனப் படத்தை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். மேலே வைகுண்டம், கீழே பிறவி, நடுவில் பாம்பும் ஏணியும். பாம்புகளுக்கு அசுரர் பெயர்கள் இருக்கும். இந்தியாவின் பல பகுதிகளில் இதற்கு உறவான படங்கள் உண்டு. வடக்கே ஞான சௌபர் என்பார்கள். வைணவப் படங்களில் 72 கட்டமும், சமணப் படங்களில் 84 கட்டமும் கொண்டவை இருக்கின்றன. சூஃபிகள் தங்கள் வழிக்கு ஏற்ப நூறு கட்டங்களுக்கு ஒரு படம் வைத்திருந்தார்கள். மதம் மாறினாலும் கணக்குப் பதியும் முறை மாறவில்லை. புண்ணியம் வரவில், பாவம் பற்றில், கடைசிக் கட்டத்தில் இருப்பைச் சரிபார்ப்பார்கள். பாம்புகளின் எண்ணிக்கை ஏணிகளை விட அதிகம் என்பதைக் கவனியுங்கள். இறங்குவது சுலபம், ஏறுவது கஷ்டம் என்பதை ஏழு வயதுப் பிள்ளைக்கு இதைவிட எளிதாகச் சொல்ல முடியாது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் இந்தப் படம் இங்கிலாந்துக்குப் போனது. அங்கே முதலில் அசுரர்களை எடுத்துவிட்டு, அந்தக் காலத்து ஆங்கிலேயர் மெச்சிய சிக்கனம், உழைப்பு போன்ற குணங்களை ஏணிக்கு வைத்தார்கள். சோம்பலும் கீழ்ப்படியாமையும் பாம்பாயின. இன்னொன்றும் செய்தார்கள். பாம்பையும் ஏணியையும் எண்ணிக்கையில் சமமாக்கினார்கள். பிறகு பெயர்களும் போய், வெறும் எண் மட்டும் நின்றது. அமெரிக்காவில் 1943இல் மில்டன் பிராட்லி நிறுவனம் பாம்பையே எடுத்துவிட்டுப் பூங்காவில் இருக்கும் சறுக்கு மரத்தை வைத்தது. இன்று நம் கடைகளில் ஒரு பக்கம் லூடோ, மறு பக்கம் பாம்பு ஏணி என்று அட்டையில் விற்பது இப்படிக் கடல் கடந்து போய், பெயரை இழந்து திரும்பி வந்த சரக்கு. பெயர் இல்லாத பாம்பு கடித்தால் பிள்ளை பத்துக் கட்டம் கீழே வருகிறான், அவ்வளவுதான். ஏன் வந்தோம் என்று கேட்க வழியில்லை. வவுச்சரில் தொகை இருக்கிறது, விவரம் எழுதும் இடம் காலி.

லூடோவின் கதையும் அதே மாதிரிதான். வடநாட்டில் பச்சீசி என்று ஒரு ஆட்டம். சிலுவை வடிவத் துணியில் சோழி உருட்டி ஆடுவது. பச்சீஸ் என்றால் இந்தியில் 25. ஃபதேபூர் சிக்ரியில் அரண்மனை முற்றத்திலேயே கல் தரையில் பச்சீசிக் கட்டம் இருக்கிறது. அக்பர் அதில் காய்களுக்குப் பதில் ஆட்களை நிறுத்தி ஆடியதாகச் சொல்வார்கள். அதை எளிமையாக்கி, சோழிக்குப் பதில் ஆறு பக்கப் பகடையைக் கொடுத்து, 1896இல் லண்டனில் லூடோ என்று காப்புரிமை வாங்கினார்கள். அதற்கு முன்பே, 1874இல், அமெரிக்காவில் பார்ச்சீசி என்று பெயரைப் பதிவு செய்தாயிற்று.

நம் பக்கத்துத் தாயம் அந்தக் குடும்பத்தின் தென்னாட்டுக் கிளை. அதற்குத் துணியும் வேண்டாம், அரண்மனையும் வேண்டாம். சதுரமாகக் கட்டம் போட்டு, நாலு பக்கமும் நடுவில் ஒரு பெருக்கல் குறி போட்டால் அது மலை. மலையில் நிற்கும் காயை யாரும் வெட்ட முடியாது. பித்தளைத் தாயக்கட்டை இரண்டு, ஒவ்வொன்றுக்கும் நாலு முகம்: ஒன்று, இரண்டு, மூன்று, ஒரு வெற்று. வெற்றும் ஒன்றும் சேர்ந்தால் தாயம். இரண்டும் வெற்றாக விழுந்தால் பன்னிரண்டு. தாயம் விழாமல் காய் இறங்காது.

இந்த இடத்தில் கொஞ்சம் கணக்குப் போட்டுவிடுகிறேன். இரண்டு கட்டைகள், நாலு நாலு முகம், மொத்தம் 16 விதமாக விழலாம். அதில் தாயம் 2 விதம், அதாவது எட்டில் ஒன்று. அதிகம் விழுவது மூன்று, 16க்கு 4. ஆறும் பன்னிரண்டும் 16க்கு 1 மட்டும். தாயம், ஐந்து, ஆறு, பன்னிரண்டு விழுந்தால் மறுபடி ஆட்டம் உண்டு என்பதால், ஒவ்வொரு தடவை உருட்டும்போதும் 16க்கு 6 வாய்ப்பில் கை நம்மிடமே தங்கும். லூடோவில் ஆறு விழ வேண்டும், 6க்கு 1. அதைவிடத் தாயம் விழுவது அரிது. ஆகவே காய் இறங்காமலே ஒருவர் அரை மணி நேரம் உட்கார்ந்திருப்பது தாயத்தில் சகஜம். நேரத்தைக் கொல்லத்தானே ஆடுகிறோம், அதனால் யாரும் அதைக் குறையாக நினைத்ததில்லை.

இந்தக் காத்திருப்புக்கு இன்னொரு பயன் உண்டு. அதை நான் பார்த்தது மன்னார்குடிப் பக்கம், அம்மாயி வீட்டில். அம்மாவின் அம்மாவை எங்கள் பக்கம் அப்படித்தான் அழைப்போம். எனக்கு இரண்டு மாமாக்கள். தாத்தா இறந்தபின் நிலம் பிரித்ததில் வாய்க்கால் ஓரத்து முக்கால் மா யாருக்கு என்று தகராறு வந்து, கோர்ட் வரைக்கும் போய்விட்டது. வழக்கு எனக்கு எட்டு வயதில் ஆரம்பித்து, நான் கல்லூரியில் சேர்ந்தபின் முடிந்தது. இத்தனை வருடமும் இருவரும் ஒரே வீட்டின் இரண்டு பாதியில் இருந்தார்கள். முகத்துக்கு முகம் பேச்சு இல்லை. சொல்ல வேண்டியதை என்னைப் போன்ற பிள்ளைகள் மூலம் சொல்லி அனுப்புவார்கள். "பெரிய மாமாகிட்ட தண்ணி திறந்தாச்சுன்னு சொல்லுடா" என்று சின்ன மாமா சொல்லும்போது பெரிய மாமா நாலடி தூரத்தில்தான் இருப்பார்.

கோடையில் மகள்கள் பிள்ளைகளோடு வந்து சேர்ந்ததும் அம்மாயி தாயக்கட்டையை எடுப்பார். நாலு பக்கம், நாலு ஆட்டக்காரர். ஒரு பக்கம் அம்மாயி, ஒரு பக்கம் என் அம்மா. மிச்ச இரண்டு பக்கத்துக்கும் இரண்டு மகன்களையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். அம்மா கூப்பிட்டு வராமல் இருக்க முடியாது. வந்து உட்கார்ந்தபின் ஆட்டத்துக்கு வேண்டிய சொற்களைச் சொல்லாமலும் இருக்க முடியாது. "அஞ்சு", "மலை", "வெட்டு", "உங்க ஆட்டம்". முதல் நாள் எண் மட்டும்தான். மூன்றாவது நாள் பெரிய மாமா, "அந்தக் காயை நகத்தாதே, வெட்டுப்படும்" என்று தம்பிக்கே யோசனை சொன்னார். சின்ன மாமா அந்தக் காயைத்தான் நகர்த்தினார், வெட்டும் பட்டது. கூடமே சிரித்தது, அவரும் சிரித்தார்.

சினிமா மாதிரி அன்றோடு பகை தீர்ந்தது என்று நினைக்க வேண்டாம். மறு வாய்தாவுக்கு இருவரும் தனித்தனி பஸ்ஸில்தான் போனார்கள். அந்த முக்கால் மா கடைசியில் தீர்ப்புப்படி ஒருவருக்குப் போனது, இன்னொருவர் அதைக் கடைசி வரை மன்னிக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு வருடமும் மே மாதத்தில் இருபது நாள் அந்த இரண்டு அண்ணன் தம்பிகள் எதிரெதிரே உட்கார்ந்து ஒருவர் காயை ஒருவர் வெட்டினார்கள், வெட்டியபின் எழுந்து ஒரே பந்தியில் சாப்பிட்டார்கள். அம்மாயி எழுதப் படிக்கத் தெரியாதவர். பஞ்சாயத்து, வக்கீல், சமரசம் என்று எதையும் அவர் பேசி நான் கேட்டதில்லை.

தாயத்தில் எனக்குப் பிடித்த விதி ஒன்று உண்டு. எதிரியின் காயை ஒரு முறையாவது வெட்டியவர்தான் உள் கட்டத்துக்குள் போய்ப் பழம் ஏறலாம். யாரையும் தொடாமல் ஓரமாகவே சுற்றிக்கொண்டிருந்தால் ஆட்டம் முடியாது. லூடோவில் சாதாரணமாக இந்த விதி இல்லை. அங்கே ஒதுங்கி ஓடியே ஜெயித்துவிடலாம்.

பல்லாங்குழிக்கு வருகிறேன். கணக்கு வைத்துப் பார்த்தால் இவற்றில் உசத்தி இதுதான், ஏனென்றால் இதில் அதிர்ஷ்டத்துக்கு இடமே இல்லை. இரண்டு வரிசை, வரிசைக்கு ஏழு குழி. குழிக்கு ஐந்து புளியங்கொட்டை வைத்தால் மொத்தம் 70. ஒரு குழியை அள்ளி அடுத்தடுத்த குழிகளில் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு போக வேண்டும். கையிலிருப்பது தீர்ந்ததும் அடுத்த குழியை அள்ளித் தொடர வேண்டும். அடுத்தது வெறுங்குழியாக இருந்தால் அதைத் தாண்டிய குழியில் இருப்பது நமக்கு வரவு. ஒரு குழியில் நாலு சேர்ந்தால் அது பசு, குழிக்குச் சொந்தக்காரர் எடுத்துக்கொள்வார். ஆட்டம் முடிந்ததும் தோற்றவர் தன்னிடம் உள்ளதை வைத்து எத்தனை குழி நிரப்ப முடியுமோ அத்தனைதான் நிரப்புவார். மீதிக் குழிகள் மூடப்படும். அடுத்த ஆட்டம் அந்தக் குறைந்த முதலோடு. ஒரு குழிகூட நிரப்ப முடியாத நிலை வந்தால் திவால். நொடிந்த கம்பெனி சொத்தைக் குறைத்துக் காட்டி மறுபடி தொழில் ஆரம்பிப்பதைக் கல்லூரியில் பாடமாகப் படித்தபோது எனக்குப் புதிதாக ஒன்றும் தெரியவில்லை.

எங்கள் வீட்டில் கூடுதலாக ஒரு வசதி இருந்தது. குழி மூடும் நிலைக்கு வந்த பேரப்பிள்ளைக்கு அம்மாயி பத்துக் கொட்டை கடன் தருவார். வட்டி கிடையாது, ஜாமீனும் கிடையாது. வங்கியில் அப்படி ஒரு கடன் திட்டத்தை நான் கடைசி வரை பார்க்கவில்லை.

பல்லாங்குழிப் பலகை பல வீடுகளில் பெண்ணின் சீர்வரிசையோடு வந்தது. ஆகவே புகுந்த வீட்டில் மருமகள் தனக்கென்று கொண்டுவந்த சில பொருட்களில் அதுவும் ஒன்று. விதை தூவி ஆடும் இந்த வகை ஆட்டம் ஆப்பிரிக்கா முழுக்க உண்டு. மலாய் நாட்டில் சோங்காக் என்று ஆடுகிறார்கள். மலேசியாவிலிருந்து உறவினர் வந்தால் கேட்டுப் பாருங்கள், உடனே கையை நீட்டுவார்கள்.

ஆடு புலி ஆட்டம் பெரும்பாலும் ஆண்கள் திண்ணையில் ஆடியது. மூன்று புலி, பதினைந்து ஆடு. கோயில் மண்டபங்களில் தரைக் கல்லில் இதன் கோடுகள் வெட்டியிருப்பதை நீங்கள் பார்த்திருக்கலாம். அடுத்த முறை போகும்போது குனிந்து பாருங்கள்.

எழுபதுகளில் அட்டைப் பெட்டி ஒன்று பட்டணத்துச் சித்தப்பா வீட்டிலிருந்து கிராமத்துக்கு வந்தது. பிசினஸ் என்று பெயர். பம்பாய், டெல்லி என்று ஊர்களை விலைக்கு வாங்கி வாடகை வசூலிக்கும் ஆட்டம். அதன் மூலம் மோனோபோலி. அதற்கும் மூலம் ஒரு பெண். எலிசபெத் மேகி என்று அமெரிக்காவில் ஒரு சுருக்கெழுத்தாளர், வாஷிங்டனில் முகவரி கிடைக்காத கடிதங்களைக் கையாளும் தபால் அலுவலகத்தில் வேலை பார்த்தவர். நம்மைப் போல ஒரு ஆபீஸ் ஊழியர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிலத்தை வளைத்துப் போட்டு வாடகையில் கொழுப்பது எவ்வளவு அநியாயம் என்று ஜனங்களுக்குப் புரிய வைக்க அவர் ஒரு ஆட்டம் செய்து 1904இல் காப்புரிமை வாங்கினார். "நிலச்சுவான்தார் ஆட்டம்" என்று பொருள்படும் பெயர். அதற்கு இரண்டு விதமான விதிகள் வைத்தார். ஒன்றில் ஒருவர் மற்ற எல்லாரையும் ஓட்டாண்டி ஆக்கினால் வெற்றி. இன்னொன்றில் செல்வம் பெருகும்போது எல்லாருக்கும் பங்கு.

அந்த ஆட்டம் வீடு வீடாகக் கைமாறிப் பரவியது. 1930களில் சார்லஸ் டாரோ என்பவர் அதைத் தன் கண்டுபிடிப்பு என்று சொல்லி விற்க, பார்க்கர் பிரதர்ஸ் நிறுவனம் 1935இல் வாங்கியது. டாரோ பணக்காரர் ஆனார். மேகியின் காப்புரிமைக்கு அதே நிறுவனம் கொடுத்தது 500 டாலர், விற்பனையில் பங்கு கிடையாது. இரண்டு விதிகளில் எது உலகம் முழுக்கப் போனது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. எழுபதுகளில் ஒரு பொருளாதாரப் பேராசிரியர் இதே நிறுவனத்தோடு வழக்காடியபோதுதான் மேகியின் பெயர் மறுபடி வெளியே வந்தது.

மோனோபோலி விதிகளில் வங்கிக்காரனாக நான் ரசித்தது ஒன்று உண்டு. வங்கி ஒருபோதும் நொடிக்காது. நோட்டு தீர்ந்துவிட்டால் சாதாரணக் காகிதத்தில் எழுதிக் கொடுத்துக்கொள்ளலாம். எங்கள் வீட்டில் பிசினஸ் ஆடும்போது பெரியவர்கள் யாரும் சேரவில்லை. அம்மாயிக்கு எழுத்து தெரியாது, சீட்டுகளைப் படிக்க முடியாது. மாமாக்கள் இருவரும் ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். நிலத்துக்கு வாடகை கேட்டுச் சண்டை போடுவதை விளையாட்டாகப் பார்க்க அவர்களுக்கு மனம் வரவில்லையோ என்னவோ. பிள்ளைகள் ஒரு மூலை, பெரியவர்கள் ஒரு மூலை என்று அந்தக் கூடம் முதல் தடவையாகப் பிரிந்தது டி.வி. வந்தபோது அல்ல, அந்தப் பெட்டி வந்தபோது.

கேரம் அதைக் கொஞ்சம் ஒட்ட வைத்தது. ஒன்பது வெள்ளை, ஒன்பது கறுப்பு, ஒரு சிவப்பு, படிக்கத் தெரிய வேண்டியதில்லை. நம் சென்னைக்கு அதில் தனிப் பெருமை உண்டு. சர்வதேச கேரம் கூட்டமைப்பு 1988இல் இங்கேதான் தொடங்கப்பட்டது. 1991இல் முதல் உலகச் சாம்பியன் பட்டத்தைப் பெற்றவர் நம் ஊர் மரியா இருதயம். ஆனால் கேரம் பலகை முன்னால் முதுகு வளைத்து உட்கார அம்மாயியால் முடியவில்லை.

அந்தப் பித்தளைத் தாயக்கட்டை இப்போது சி பிளாக்கில் என் வீட்டில் இருக்கிறது. முகங்களில் புள்ளி தேய்ந்துபோய், வெற்றுக்கும் ஒன்றுக்கும் வித்தியாசம் விரலால் தடவினால்தான் தெரியும். நம் வளாகத்தில் திருநெல்வேலிக்காரர்கள், கோயம்புத்தூர்க்காரர்கள், ஆந்திரா, கேரளக் குடும்பங்கள் எல்லாரும் இருக்கிறீர்கள். ஒவ்வொரு ஊருக்கும் விதி மாறும். எங்கள் பக்கம் தொடர்ந்து மூன்று தாயம் விழுந்தால் மூன்றும் செல்லாது. உங்கள் பக்கம் எப்படி? வெட்டாமல் பழம் ஏறலாமா? பல்லாங்குழியில் குழிக்கு ஐந்தா, ஆறா? அடுத்த இதழுக்கு முன் எழுதியோ, மாலையில் பூங்கா பெஞ்சில் பார்க்கும்போதோ சொல்லுங்கள். ஊரிலிருந்து வந்திருக்கும் பெரியவர்களைக் கேட்டுச் சொன்னால் இன்னும் நல்லது. அவர்கள் ஆடிய விதியை அவர்கள் சொன்னபடியே குறித்து வைத்துக்கொள்கிறேன்.